கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தவர்கள்

"சட்டம் என்றால் எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்? எந்தக் கோடு போட்டாலும் அதற்கு வெளியே சிலர் நிற்கத்தான் செய்வார்கள். அதற்காகக் கோட்டைக் குறைசொல்ல முடியுமா?" என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். வரலாற்றுத் துறைப் பேராசிரியர், நிதானமானவர், என்னைவிட அதிகம் படித்தவர். புறத்திணைத் துறைகளைப் பற்றித் தொடங்கிய பேச்சு, இராணுவப் பயிற்சிக் கழகங்களில் காயமுற்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களிடம் வந்து நின்றபோது எழுந்த கேள்வி அது. அங்கே எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. மேடையிலும் விவாதத்திலும் நான் எப்போதும் ஒரு நாள் தாமதம். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இலக்கிய வாசகர்கள் கூடுமிடத்தில் ஓய்வூதிய விதிகளுக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடியவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மொழியில் இலக்கணம் என்ற சொல் எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டும் உரியதன்று. ஒரு பொருளைப் பிற பொருள்களிலிருந்து பிரித்துக் காட்டும் வரையறைக்கும் அதுவே பெயர். சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகத்தைப் படித்தவர்கள் இலக்கணத்துக்கு உரிய மூன்று குற்றங்களை அறிவார்கள். கபில நிறமுடையது பசு என்றால் வெள்ளைப் பசு விடுபட்டுப்போகும், அது அவ்வியாத்தி. கொம்புடையது பசு என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும்; அது அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடையது பசு என்றால் ஒரு பசுவும் தேறாது, அது அசம்பவம். ஆக, கோடு போடத்தான் வேண்டும் என்பதோடு விவாதம் முடிந்துவிடுவதில்லை. எந்தக் கோடு குற்றமுடையது, எது குற்றமற்றது என்று சோதிக்க நம்மிடம் நெடுங்காலமாகவே கருவிகள் இருக்கின்றன. கோடு போட்டவர் அரசாங்கமாக இருப்பதால் அந்தச் சோதனையிலிருந்து அதற்கு விலக்கு உண்டா என்ன?

முன்னாள் படைவீரர் என்பவர் யார்? மத்திய அரசின் விதிகள் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன். இந்திய ஒன்றியத்தின் தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் எந்தப் பதவியிலேனும், போரிடும் பிரிவிலோ மற்றதிலோ பணியாற்றியிருக்க வேண்டும். அதன்பின் ஓய்வூதியம் ஈட்டிக்கொண்டு விலகியிருக்க வேண்டும். அல்லது படைப்பணியால் நேர்ந்த உடற்குறையால் விடுவிக்கப்பட்டு அதற்கான ஓய்வூதியம் பெற்றிருக்க வேண்டும். அல்லது ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். அல்லது குறித்த ஒப்பந்தக் காலத்தை முடித்து, பணிக்கொடை பெற்று, தம் விருப்பத்தால் அன்றி விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். பிராந்தியப் படையினர், வீரப் பதக்கம் பெற்றோர் என இன்னும் சில உட்பிரிவுகள் உண்டு. அவை இங்கே தேவையில்லை.

இதைப் படித்தவுடன் என் கண்ணில் பட்டது ஒன்றுதான். அந்த மனிதர் படையில் என்ன செய்தார் என்பதைப் பற்றி முதல் வாக்கியத்துக்குப் பிறகு ஒரு சொல்கூட இல்லை. எப்படி வெளியே வந்தார், வரும்போது கையில் என்ன தொகை கொடுக்கப்பட்டது என்பதைப் பற்றியே மிச்சம் முழுவதும். ஓய்வூதியம் பெற்றவர் முன்னாள் படைவீரர்; முன்னாள் படைவீரராக இருந்தால்தான் மருத்துவத் திட்டம், கேன்டீன் அட்டை, மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு ஒதுக்கீடு, பிள்ளைகளின் படிப்புக்கான உதவி. ஏற்கெனவே ஒன்று கிடைத்தவருக்கே மற்றதும் கிடைக்கும். கிடைக்காதவருக்கு எதுவும் கிடையாது. உதவி யாருக்கு மிகவும் தேவையோ அவரை முதலில் வடிகட்டிவிட்டு எஞ்சியோருக்கு உதவும் ஏற்பாடு இது.

சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுத் தகுதிப் பணி வேண்டும். அதிகாரிக்கு இருபது ஆண்டுகள். பதினான்கு ஆண்டுகள் எல்லையில் நின்றுவிட்டு, வீட்டில் நோயுற்ற தாயைக் கவனிக்க ஆளில்லை என்று தாமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஒருவர் இன்றைய இலக்கணப்படி முன்னாள் படைவீரர் அல்லர். அப்படியானால் அவர் யார்? இந்நாள் படைவீரரும் அல்லர். பதினான்கு ஆண்டுகளும் கனவா?

இது எக்காலத்துக்கும் உரிய விதி என்று எண்ணிவிட வேண்டாம். 1979 ஜூலை 1 முதல் 1987 ஜூன் 30 வரை விடுவிக்கப்பட்டவர்களுக்கு இருந்த வரையறை வேறு. உறுதிமொழி எடுத்தபின் ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியிருந்தால் போதும். தம் வேண்டுகோளின்பேரில் விலகியவராக இருந்தால் ஐந்து ஆண்டுகள். ஓய்வூதியம் என்ற பேச்சே அதில் இல்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு விலகியவர்களுக்குத்தான் ஓய்வூதியம் என்ற வாசற்படி வந்தது. ஒரே படைப்பிரிவில் ஒரே கூடாரத்தில் கிடந்த இருவரில், ஜூன் மாதம் ஆறு ஆண்டுப் பணியோடு தாமே விலகியவர் முன்னாள் படைவீரர். ஜூலையில் பத்தாண்டுப் பணியோடு தாமே விலகியவர் வெறும் முன்னாள். நண்பர் சொல்லும் கோடு இப்படி இடம்பெயரக்கூடியது என்றால், அதைப் போடும் கையைப் பற்றிப் பேசுவதில் தவறென்ன?

இனி, அன்றைக்கு விவாதம் வந்து நின்ற இடத்துக்கு வருகிறேன்.

சென்னை பரங்கிமலைப் பக்கம் போகிறவர்கள் அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் மதிலைப் பார்த்திருப்பார்கள். 1963 முதல் அங்கே இயங்குகிறது. ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சி. புனேக்கு அருகில் கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்றாண்டு. அதன்பின் தரைப்படைக்குச் செல்வோருக்கு டேராடூனில் இன்னும் ஓராண்டு. பள்ளிப்படிப்பை முடித்த கையோடு பதினேழு பதினெட்டு வயதில் கடக்வாஸ்லாவுக்குப் போகிறார்கள். குதிரையேற்றம், குத்துச்சண்டை, கயிற்றில் தொங்கிக் கடத்தல், சுமையோடு நெடுந்தூர ஓட்டம். இவற்றில் ஏதோ ஒன்றில் ஒருநாள் கால் தவறுகிறது. கழுத்துக்குக் கீழே உடல் அசைவற்றுப் போகிறது. அல்லது தலையில் அடிபட்டு நினைவு குழம்பிவிடுகிறது. இராணுவ மருத்துவமனையில் சில மாதங்கள். பிறகு மருத்துவக் குழு கூடிப் பணிக்குத் தகுதியற்றவர் என்று எழுதுகிறது. வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வரும் அந்த இளைஞர் முன்னாள் படைவீரர் அல்லர். ஏனென்றால் அவருக்குக் கமிஷன் கிடைக்கவில்லை. கமிஷன் கிடைக்கும் நாள்வரை கேடட் என்பவர் சட்டத்தின் கண்ணில் அதிகாரியும் அல்லர். பதிவு பெற்ற சிப்பாயும் அல்லர். டேராடூனில் பயிற்சி நிறைவு அணிவகுப்பின்போது 'அந்திம் பக்' என்று ஒன்று உண்டு. இறுதி அடி என்று பொருள். அந்த அடியை எடுத்துவைத்துக் கடக்கும்போது கேடட் அதிகாரியாகிறார். பெற்றோர் தோளில் நட்சத்திரம் குத்துகிறார்கள். நாளிதழ்களில் படம் வருகிறது. அந்த அடிக்கு முந்திய நாள் விழுந்தவருக்குத் தோளும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

இதே காலத்தில், இதே நாட்டில், சாதாரண சிப்பாயாகச் சேர்ந்த ரெக்ரூட் பயிற்சியின் தொடக்கத்திலேயே இப்படி அடிபட்டால் என்ன ஆகும்? பெயர் பதிவான நாளிலிருந்தே அவர் படைச்சட்டத்துக்கு உட்பட்டவர். மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டு உடற்குறைக்கான ஓய்வூதியம் வழங்கப்பட்டால் அவர் முன்னாள் படைவீரர் என்று வரையறையே தெளிவாகச் சொல்கிறது. சொல்லவும் வேண்டும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரே நாளில், ஒரே மாதிரிக் கயிற்றிலிருந்து, ஒரே உயரத்திலிருந்து விழுந்த இருவரில் ஒருவர் படைவீரராகவும் மற்றவர் பார்வையாளரைப் போலவும் எப்படி ஆனார்கள்? இதைத்தான் வெள்ளைப் பசு விடுபட்டுப்போதல் என்கிறேன். இங்கே நிறத்தைப் பார்த்தவர்கள் பசுவைப் பார்க்கவில்லை.

அவர்களுக்கும் பணம் தரப்படுகிறதே என்பார்கள். தரப்படுகிறது; உடற்குறையின் அளவுக்கேற்ப மாதம் அதிகபட்சம் ஏறத்தாழ 40,000 ரூபாய் வரை என்று 2025-இல் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் அதற்கு அரசு வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள். ஓய்வூதியம் அன்று, கருணைத்தொகை. இச்சொல் தற்செயலாக வந்து விழுந்ததன்று. 1982 டிசம்பர் 17 அன்று டி. எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம் கொடுப்பவரின் மனம்போல் தரும் கொடையன்று, உழைத்தவரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளையே ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். ஓய்வூதியம் என்று பெயர் வைத்தால் அது உரிமையாகிவிடும். உரிமையானால் கேட்கலாம், வழக்குத் தொடுக்கலாம், உயர்த்தச் சொல்லலாம். கருணை என்று பெயர் வைத்துவிட்டால் கைகூப்பி நிற்கவேண்டும். நம் புலவர்கள் பரிசில் பெறப்போனபோதுகூட இத்தனை கூனிக்குறுகி நின்றதில்லை. தராத வள்ளலை முகத்துக்கு நேரே இடித்துரைத்துவிட்டுத் திரும்பி நடந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. 2003-இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், பெயரே சொல்வதுபோல, முன்னாள் படைவீரருக்கு உரியது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவருக்குப் பணத்தைவிட முதலில் தேவைப்படுவது மருத்துவம். தசைப்பயிற்சி, படுக்கைப் புண்ணுக்குச் சிகிச்சை, சிறுநீர்க் குழாய் மாற்றுதல், உடனிருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த மருத்துவத் திட்டத்தின் கதவு இவர்களுக்குப் பல்லாண்டுகள் மூடியே இருந்தது. 2025 ஆகஸ்டில் ஆங்கில நாளேடு ஒன்று இவர்களைப் பற்றி விரிவாக எழுதியது. உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு அரசிடம் விளக்கம் கேட்டது. அந்த மாத இறுதிக்குள் மருத்துவத் திட்டத்தில் இவர்களைச் சேர்க்கப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் தந்தது. முன்பணமாகக் கட்டவேண்டிய சந்தாவும் தள்ளுபடியானது.

சில நாட்களில் முடிந்துவிட்ட காரியம். அப்படியானால் இத்தனை ஆண்டுகள் முடியாமல் இருந்தது ஏன்? நிதி இல்லையா, சட்டத்தில் இடமில்லையா? இரண்டும் இல்லை என்பதை அந்தச் சில நாட்களே காட்டிவிட்டன. கேட்பவர் இல்லை, அவ்வளவுதான். அதிலும் கவனியுங்கள், சேர்த்துக்கொண்டது மருத்துவத் திட்டத்தில். முன்னாள் படைவீரர் என்ற பெயரை அந்த ஆணை தரவில்லை. சோறு போடுகிறோம், பந்தியில் உட்காராதே என்பதுபோல.

பயிற்சி வேறு, பணி வேறு என்பது இங்கே சொல்லப்படும் வலுவான வாதம். பயிற்சி என்பது ஒருவகைக் கல்வி. மாணவருக்கு ஓய்வூதியம் உண்டா என்று கேட்கிறார்கள். நான் மாணவர்களோடு இருபது ஆண்டுகளாகப் புழங்குபவன். என் மாணவர் எவரும் நான் ஊதும் விசிலுக்கு அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து இருபது கிலோ சுமையோடு ஓடியதில்லை. வேண்டாம் என்றால் வகுப்பைவிட்டு வெளியே போய்த் தேநீர் குடிக்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். கட்டளைக்கு உட்பட்டு, மறுக்க வழியின்றி, உடலை இடர்ப்பாட்டில் நிறுத்துவதுதானே படைப்பணியின் சாரம்? அந்தச் சாரம் கேடட்டிடம் முழுமையாக இருக்கிறது. இல்லாதது ஒரு தாள்.

இதை உலகில் யாருமே யோசிக்காத புதுமையாக நான் சொல்லவில்லை. அமெரிக்கச் சட்டத்தொகுப்பில் முன்னாள் படையினர் நலன்களைப் பற்றிய 38-ஆவது தலைப்பு, எது 'செயலூக்கப் பணி' என்று வரையறுக்கும் இடத்திலேயே, வெஸ்ட் பாயின்ட் முதலான படைக்கழகங்களில் கேடட்டாக இருக்கும் காலத்தையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. ஒரு துணைப்பிரிவு, ஒரே வரி. நம் வரையறையிலும் அதற்கு மேல் இடம் தேவைப்படாது.

அமெரிக்காவைச் சுட்டிக்காட்டியதால் அது நீதியின் இருப்பிடம் என்று நான் நம்புவதாக யாரும் நினைக்கவேண்டாம். வரையறையைக் கொண்டு மனிதரை அழிப்பது எப்படி என்பதற்கும் அதே நாடு சான்று தந்திருக்கிறது. 1941 ஜூலையில் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்துப் பிலிப்பைன்ஸ் படையினரை அமெரிக்கப் படையின் சேவைக்குள் அழைத்தார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கொடியின் கீழ் போரிட்டார்கள். பட்டான் மரண நடையில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களே. போர் முடிந்தது. 1946 பிப்ரவரியில் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சேவை, சில விலக்குகள் தவிர, அமெரிக்கப் படைப்பணியாகக் 'கருதப்படமாட்டாது' என்றது. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். நடந்தது நடந்ததாகக் கருதப்படாது என்றார்கள். 2009-இல்தான் ஈடாக ஒருமுறைத் தொகை வந்தது. குடியுரிமை பெற்றவருக்கு 15,000 டாலர், பெறாதவருக்கு 9,000. அதற்குள் அறுபத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. வாங்கிக்கொள்ள எத்தனை பேர் எஞ்சியிருந்திருப்பார்கள் என்பதை வாசகரே கணக்கிடலாம்.

'கருதப்படும்', 'கருதப்படாது' என்ற இந்த இரண்டு வினைமுற்றுகளை நம் இலக்கண ஆசிரியர்கள் தனியே ஆராய்ந்திருக்க வேண்டும். செயப்பாட்டு வினை, கருதுபவர் யாரென்று வாக்கியத்தில் இருக்காது. எழுவாய் மறைந்துகொள்வதற்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

நம் பக்கத்தில் இதற்கு இணையான கதை இந்திய தேசிய இராணுவத்துடையது. அது தமிழருக்கு நெருக்கமானது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் பெருமளவில் அதில் சேர்ந்தார்கள். தோற்றபின் பிரிட்டிஷார் அதிலிருந்த முன்னாள் சிப்பாய்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று நிறம்பிரித்தார்கள். நிறத்தைக் கொண்டு இலக்கணம் வகுக்கும் பழக்கம் தருக்க நூலின் கபிலப் பசுவோடு நின்றுவிடவில்லை பாருங்கள். சுதந்திர இந்தியாவும் அவர்களைப் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலையின் வெள்ளிவிழாவில், 1972 ஆகஸ்ட் 15 அன்று, தியாகிகளுக்கான ஓய்வூதியம் தொடங்கப்பட்டது. அங்கும் அளவுகோல் சிறைவாசம்; பொதுவாக ஆறு மாதம். பர்மாவின் காடுகளில் நடந்தவர் தாம் நடந்ததற்குச் சான்று காட்டினால் போதாது, அடைக்கப்பட்டிருந்ததற்குச் சான்று காட்டவேண்டும். போர்வீரனின் தகுதி போரில் இல்லை, பிடிபட்டதில் இருக்கிறது! எரிந்துபோன முகாமின் பதிவேட்டை எங்கே தேடுவது? முதியவர்கள் உடன் சிறையிருந்தவரின் சான்றிதழுக்காக ஊர் ஊராக அலைந்தார்கள். 1993-இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கிலும் 2001-இல் குர்தியால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தாமதமாக விண்ணப்பித்தார் என்று தள்ளாதீர்கள் என்றது முந்தையது. குற்றவழக்கில் கேட்பதுபோல் ஐயத்துக்கிடமற்ற சான்று கேட்காதீர்கள் என்றது பிந்தையது. தியாகியைக் குற்றவாளிபோல் நிரூபிக்கச் சொன்ன அலுவலகங்கள் நம்முடையவை.

உடற்குறைக்கான ஓய்வூதியத்திலும் இதே மனநிலைதான். குறை படைப்பணியால் விளைந்ததா, பணியால் மோசமடைந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் ஓய்வூதியம் போய்விடும். அதோடு முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் போகலாம். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நேர்மையான விதியைச் சொன்னது. சேரும்போது முழு உடல்நலத்தோடு இருப்பதாக நீங்கள்தானே சோதித்துச் சேர்த்தீர்கள்? அப்போது குறித்துவைக்காத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளவேண்டும். அப்படியல்ல என்று நிரூபிக்கும் சுமை அமர்த்தியவருடையது. அதற்குப் பிறகும் தீர்ப்பாயங்களில் வென்ற ஊனமுற்ற சிப்பாய்களுக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்துகொண்டுதான் இருந்தது. 2023 செப்டம்பரில் புதிய தகுதி விதிகள் வந்தபோது முன்னாள் படையினர் பலர் பதறியதும் இதனால்தான்.

அக்னிவீரர்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனெனில் அது என் வகுப்பறையைத் தொடுகிறது. இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் மாற்றுச் சான்றிதழ் வாங்கவந்தான். "மிலிட்டரி கெடச்சிருச்சுங்கய்யா" என்றான். அவனுடைய தாத்தா மிலிட்டரி, சித்தப்பா மிலிட்டரி. வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் படைக்கு அனுப்பிய ஊர்கள் உண்டு; கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நான் வாழ்த்தி அனுப்பினேன். பிறகுதான் 2022-இல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளைத் தேடிப் படித்தேன். நான்கு ஆண்டுகள். நால்வரில் ஒருவருக்கு மிகாமல் நிரந்தரப் பணி. மற்றவர்க்கு ஏறத்தாழ 11.71 லட்சம் சேவைநிதி. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் தகுதி இல்லை.

வரையறையின் கடைசிப் பிரிவை மறுபடி பாருங்கள்: குறித்த ஒப்பந்தக் காலத்தை முடித்து, தம் விருப்பத்தால் அன்றி விடுவிக்கப்பட்டு, பணிக்கொடை பெற்றவர். நான்காண்டு முடித்து வெளிவரும் அக்னிவீரர் முதல் இரண்டு நிபந்தனைகளையும் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறார். மூன்றாவதை நிறைவேற்ற முடியாது, ஏனென்றால் அதை அவருக்குத் தருவதில்லை என்று முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. இவருக்குத் தருவதும் ஒரு மொத்தத் தொகைதான். அதற்குப் பணிக்கொடை என்று பெயரில்லை, சேவைநிதி என்று பெயர். பெயரை மாற்றி ஒரு தலைமுறையை வரையறைக்கு வெளியே நிறுத்தியாயிற்று. இதற்குப் பிறகும் நண்பர் கோடு தவிர்க்கமுடியாதது என்பாரா? அதே 2022-இல் துணை இராணுவப் படைகளில் இவர்களுக்கு 10 விழுக்காடு ஒதுக்கீடு என்றும் அறிவித்தார்கள். ஏதோ கடன்பட்டிருக்கிறோம் என்று உள்ளூரத் தெரிந்தவர்கள் செய்யும் காரியம் அது.

அந்தத் துணை இராணுவப் படையினரே கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் என்பது வேறு கதை. எல்லையில் காவல் நிற்கும் எல்லைப் பாதுகாப்புப் படையும் மத்திய ரிசர்வ் காவல் படையும் உள்துறையின் கீழ் வருவதால் அவர்கள் முன்னாள் படைவீரர் ஆகமாட்டார்கள். 2012-இல் அவர்களுக்கு 'முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்' என்று நீண்ட பெயரொன்று சூட்டினார்கள். இணையான சலுகைகள் உடன்வரவில்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மாண்ட நாற்பது பேரில் இருவர் தமிழ்நாட்டினர். அன்று அவர்களை வீரர் என்று எழுதாத செய்தித்தாள் இல்லை, கவிதை எழுதாத கவிஞரும் அநேகமாக இல்லை.

இங்கே நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வெட்சி, கரந்தை என்று தொடங்கினால் நமக்கு மூச்சுவிடாமல் பேசவரும். மார்பில் புண்பட்டு மாண்ட மகனைக் கண்டு மகிழ்ந்த தாயை மேற்கோள் காட்டாத பட்டிமன்றம் உண்டா? ஆனால் அசைவற்றுக் கிடக்கும் மகனைப் புரட்டிப்போட்டுத் துடைத்துவிடும் தாயைப் பற்றி எழுத நம்மிடம் ஒரு துறை கிடையாது. செத்த வீரனைக் கொண்டாடுவது எளிது. அவன் பிறகு எதுவும் கேட்பதில்லை.

நடுகல் எடுத்த நம் முன்னோர் எதைப் பார்த்தார்கள்? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்பவன் தொறு மீட்டுப் பட்டதற்கு எடுத்த கல். அவனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காத்துநின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டியவன், அது எந்தப் பிரிவில் பதிவாகியிருந்தது என்று விசாரித்திருக்கமாட்டான்.

நண்பரே, எனக்கும் கோடு வேண்டும். நான் போடுவது இது: படையின் கட்டளைக்கு உட்பட்டிருந்த காலத்தில், அக்கட்டளையை நிறைவேற்றுகையில் உடல் குறைந்தவர் எவரும், பதிவு, கமிஷன், மாதக்கணக்கு எதுவும் கேளாமல், முன்னாள் படைவீரர். குறை ஏதுமின்றி ஒப்பந்தக் காலத்தை முடித்தவரும், கையில் கிடைத்த தொகையின் பெயர் என்னவாக இருப்பினும், அவ்வாறே. ஓய்வூதியம் இந்தத் தகுதியிலிருந்து பிறக்கட்டும். தகுதி ஓய்வூதியத்திலிருந்து பிறக்கவேண்டாம். இதில் அதிவியாத்தி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

கஜானா தாங்குமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும் என்று தெரியும். அக்னிவீரர்களுக்கு அது பெரிய தொகைதான். அதை மறுக்கமாட்டேன், தனியே வாதாடலாம். ஆனால் நாம் பேசத் தொடங்கியது கேடட்டுகளைப் பற்றி. 1985 முதல் 2025 வரை எல்லாப் பயிற்சிக் கழகங்களிலிருந்தும் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்று செய்தி சொன்னது. நாற்பது ஆண்டுகள். ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பேர். நம் துறையின் முதுகலை வகுப்பில் உட்காருபவர்களைவிடக் குறைவு. மறுப்பிருந்தால் இங்கேயே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.